தகுதி இருந்தது, உரிமை இல்லை: பெருந்தொற்றுக் காலப் பிரிட்டனில் வேலையை விட்டவர்களும் ஃபர்லோ ஊதியமும்

ஒருவர் தாமாக வேலையை விட்டு விலகுவதற்கும் வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கும் இடையே தொழிலாளர் சட்டங்கள் நெடுங்காலமாக ஒரு கோடு கிழித்து வந்திருக்கின்றன. நீக்கப்பட்டவருக்கு இழப்பீடும் உதவித்தொகையும் உண்டு என்றும், விலகியவர் தம் முடிவின் விளைவைத் தாமே ஏற்க வேண்டும் என்றும் அந்தக் கோடு சொல்கிறது. பிரிட்டனில் வேலையற்றோர்க்கும் குறைந்த வருவாயுள்ளோர்க்கும் உரிய பல உதவிகளை ஒன்றாக்கி உருவாக்கப்பட்ட யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தில், தக்க காரணமின்றி வேலையை விட்டவரின் உதவித்தொகையை முதல் முறையிலேயே 91 நாள் வரை நிறுத்தி வைக்க இடமிருப்பது இந்தக் கருத்தின் வழிவந்த ஏற்பாடுதான். இயல்பான காலத்தில் இதற்கு ஒரு நியாயம் கற்பிக்கலாம்: விலகுவது தொழிலாளி தாமே போட்ட கணக்கு, அந்தக் கணக்கு பொய்த்தால் பொதுப்பணம் ஈடுகட்ட வேண்டியதில்லை என்று வாதிட முடியும். ஆனால் 2020 பிப்ரவரியின் கடைசி வாரத்தில் ஒரு வேலையை விட்டு மார்ச்சில் இன்னொன்றில் சேரவிருந்தவர் போட்ட கணக்கைப் பொய்யாக்கியது அவருடைய அவசரமோ அசட்டையோ அன்று. ஒரு நாட்டின் கடைகளையும் உணவகங்களையும் அலுவலகங்களையும் அரசாணையே மூடியதுதான். அவரை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்விக்குப் பழைய கோட்டில் விடை இல்லை. அந்தக் கேள்வியை ஃபர்லோ திட்டம் எவ்வாறு கையாண்டது, கையாண்ட விதத்தில் யார் கைவிடப்பட்டார்கள் என்பதை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

2020 மார்ச் 20ஆம் நாள், வெள்ளிக்கிழமை, மதுக்கூடங்களும் உணவகங்களும் அன்றிரவோடு மூடப்பட வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்த அதே மாலையில், நிதியமைச்சர் ரிஷி சுனக் கொரோனாவைரஸ் வேலைத் தக்கவைப்புத் திட்டத்தை அறிவித்தார். வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் பணியாளரை நிறுவனம் நீக்காமல் தன் சம்பளப் பட்டியலிலேயே வைத்திருந்தால், அவருடைய வழக்கமான ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டுக்கு மிகாமல், அரசு அந்த நிறுவனத்துக்குத் தரும் என்பது அதன் சாரம். இப்படி வேலை உறவு அறுபடாமல் பணி மட்டும் நிறுத்திவைக்கப்படும் நிலைக்கே ஃபர்லோ என்று பெயர். மார்ச் 1 முதல் முன்தேதியிட்டுக் கணக்கிடப்பட்ட இத்திட்டத்துக்குச் சட்ட அடிப்படை, மார்ச் 25 அன்று அரசியின் ஒப்புதலைப் பெற்ற கொரோனாவைரஸ் சட்டத்தின் 76ஆம் பிரிவு. அப்பிரிவின்கீழ் கருவூலம் பிறப்பித்த ஆணைகளை வருவாய், சுங்கத் துறை நடைமுறைப்படுத்தியது. 2021 செப்டம்பர் 30 அன்று முடிவதற்குள் இத்திட்டம் 1 கோடியே 17 லட்சம் வேலைகளுக்கு ஏதோ ஒரு காலத்தில் ஊதியம் அளித்திருந்தது. செலவு ஏறத்தாழ 7,000 கோடி பவுண்டு. 2020 மே 8ஆம் நாள் மட்டும் 89 லட்சம் வேலைகள் ஃபர்லோவில் இருந்தன. சில வாரங்களில் வரைந்து, ஒரு மாதத்தில் இயங்கத் தொடங்கிய ஒரு திட்டத்துக்கு இது பெரிய சாதனை என்பதை மறுப்பதற்கில்லை. கீழே வரும் குறைகளை இந்தச் சாதனையோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

திட்டத்தின் உள்ளமைப்பில் ஒரு செய்தியை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பிற்பாடு எழுந்த துயரங்களில் பெரும்பகுதி அதிலிருந்தே கிளைத்தது. மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் நிறுவனத்தார், பெறுபவரும் அவரே. தொழிலாளி ஒருவர் வருவாய்த் துறைக்குத் தாமே ஒரு விண்ணப்பம் அனுப்ப இத்திட்டத்தில் வழி இல்லை. ஒருவரை ஃபர்லோவில் வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நிறுவனத்தின் விருப்பம். வைக்க மறுத்தால் அந்த மறுப்பை எதிர்த்து வருவாய்த் துறையிடம் முறையிட இயலாது. விதிமுறைகள் யாரைத் தகுதியுள்ள பணியாளர் என்று வரையறுத்தனவோ அவருக்கே கூட, அந்தத் தகுதி நிறுவனத்துக்குக் கிடைத்த ஓர் அனுமதியாக இருந்ததேயன்றி, அவர் கையில் ஒரு உரிமையாக வந்து சேரவில்லை. வேலையில் தொடர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணில் படவில்லை. நிறுவனங்கள் தம் பணியாளரை வைத்துக்கொள்ளவே விரும்பின. வேலையை விட்டுவிட்டவர்களுக்கோ அந்த வேறுபாடே எல்லாமாயிற்று.

அடுத்தது தேதி. எந்தத் திட்டத்துக்கும் ஒரு வெட்டுத் தேதி தேவை. அறிவிப்பு வெளியான பிறகு உறவினர் பெயர்களையும் இல்லாத ஆட்களின் பெயர்களையும் சம்பளப் பட்டியலில் ஏற்றி மானியம் பெற எவரும் முயலக்கூடும். மார்ச் 26 அன்று வெளியான முதல் வழிகாட்டுதல் பிப்ரவரி 28ஐ அந்தத் தேதியாக வைத்தது. அன்று சம்பளப் பட்டியலில் இருந்தவருக்கே திட்டம் பொருந்தும். ஏப்ரல் 15 அன்று, விண்ணப்பத் தளம் திறக்க ஐந்து நாள் இருக்கையில், தேதி மார்ச் 19க்கு, அதாவது அறிவிப்புக்கு முந்தைய நாளுக்கு நகர்த்தப்பட்டது. இதனால் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனடைவர் என்று அரசு சொன்னது. ஆனால் நகர்த்தப்பட்ட தேதியோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: மார்ச் 19 அன்று வேலையில் இருந்தால் மட்டும் போதாது, அந்நாளுக்குள் அவருக்குச் சம்பளம் வழங்கிய விவரம் வருவாய்த் துறைக்கு அனுப்பப்பட்டிருக்கவும் வேண்டும்.

இந்த விவர அறிக்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். பிரிட்டனில் மாதச் சம்பளக்காரரின் வருமான வரி, சம்பளம் வழங்கும்போதே நிறுவனத்தால் பிடிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை சம்பளம் வழங்கும்போதும், வழங்கும் நாளிலோ அதற்கு முன்போ, யாருக்கு எவ்வளவு என்ற விவரத்தை நிறுவனம் இணையவழி வருவாய்த் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உடனுக்குடனான இந்தத் தகவல் முறை வரி வசூலுக்காக உருவானது. பெருந்தொற்றில் அதுவே ஒருவர் பணியாளர் என்பதற்கான ஒரே சான்றாகிவிட்டது. இனி ஒரு சாதாரணப் பணியாளரின் நாட்காட்டியைப் பொருத்திப் பார்க்கலாம். அவர் பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, பழைய அலுவலகத்தில் கடைசி நாள் வேலை பார்க்கிறார். மார்ச் 2, திங்கட்கிழமை, புதிய அலுவலகத்தில் சேர்கிறார். புதிய இடத்தில் சம்பள நாள் மாதக் கடைசி. மார்ச் 23 அன்று ஊரடங்கு வருகிறது. அவர் மூன்று வாரம் முழுமையாக உழைத்திருக்கிறார், கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அலுவலக அடையாள அட்டை இருக்கிறது. எனினும் அவருடைய முதல் சம்பளம் மார்ச் 31 அன்று என்பதால், மார்ச் 19க்குள் அவர் பெயரில் அறிக்கை எதுவும் போயிருக்காது. வாரச் சம்பளம் வாங்கியவர் அதே நாளில் சேர்ந்திருந்தால் தப்பியிருப்பார்; மாதச் சம்பளக்காரர் பெரும்பாலும் தப்பவில்லை. உழைப்பின் அளவோ தேவையின் கடுமையோ இந்த வேறுபாட்டுக்குக் காரணமில்லை. அலுவலகக் கணக்கர் எந்த நாளில் சம்பளக் கோப்பை அனுப்புகிறார் என்பதே ஒரு குடும்பத்தின் எட்டு மாத வருவாயைத் தீர்மானித்தது.

இப்படி இரண்டு வேலைகளுக்கும் நடுவே விழுந்தவர்களுக்காக விதிமுறையில் ஒரு பின்வாசல் இருந்தது. பிப்ரவரி 28 அன்று பழைய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்து, அன்றோ அதற்குப் பின்போ ஆள்குறைப்பில் நீக்கப்பட்டவரையோ வேறு காரணத்தால் வேலையை நிறுத்தியவரையோ, பழைய நிறுவனம் மீண்டும் வேலைக்குச் சேர்த்து உடனே ஃபர்லோவில் வைத்து மானியம் கோரலாம். தாமாகவே ராஜினாமா செய்தவருக்கும் இது பொருந்தும். மார்ச் 19 அன்று பட்டியலில் இருந்து அதன்பின் விலகியவர்களுக்கும் இதே வழி பின்னர் திறக்கப்பட்டது. தன் விருப்பத்தால் விலகியவர் என்று கழித்துக்கட்டாமல், அவரையும் உள்ளே கொண்டுவர இடம் வைத்தது உண்மையிலேயே தாராளமான ஏற்பாடு. வேலையற்றோர் உதவி பற்றிய பிரிட்டிஷ் மரபில் அதற்கு முன்மாதிரி காண்பது அரிது. பிப்ரவரி 27, வியாழக்கிழமை, கடைசி நாளாக அமைந்தவர்களுக்கு அதுவும் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டுச் செல்லலாம்.

ஆனால் அந்தப் பின்வாசலின் சாவி பழைய நிறுவனத்தாரின் பையில் இருந்தது. மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி சொன்னது, சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. சில வாரங்களுக்கு முன் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, சில சமயம் போட்டி நிறுவனத்துக்கே போனவர், பழைய மேலாளருக்குத் தொலைபேசியில் பேசி, தம்மை மீண்டும் சேர்த்துக்கொண்டு அரசின் பணத்தைத் தமக்கு வழங்குமாறு கேட்க வேண்டியிருந்தது. நல்ல மனத்தோடு ஒப்புக்கொண்ட நிறுவனங்கள் இருந்தன. மறுத்த நிறுவனங்களும் நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் ஈவிரக்கமற்றவை என்று தள்ளிவிடுவது இந்தப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள உதவாது, ஏனெனில் மறுப்புக்குத் திட்டமே காரணங்களை வைத்திருந்தது.

முதல் காரணம் கைப்பணம். விண்ணப்பத் தளம் ஏப்ரல் 20 அன்றுதான் திறந்தது. விண்ணப்பித்தபின் ஆறு வேலை நாள்களில் பணம் வரும் என்பது ஏற்பாடு. மார்ச்சில் வருவாய் அற்றுப்போன சிறு உணவகம் ஒன்று, இருக்கும் பணியாளருக்கே ஒரு மாதச் சம்பளத்தை முன்னதாகத் தர வழியின்றித் திணறும்போது, போய்விட்டவரையும் கூப்பிட்டுப் பட்டியலில் சேர்க்கத் தயங்கியது இயல்பு. இரண்டாவது காரணம் விடுப்பு. பிரிட்டனில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு கூடிய விடுப்புச் சட்டப்படி உண்டு. ஃபர்லோவில் இருக்கும்போதும் அது சேர்ந்துகொண்டே போகும், அந்த விடுப்பு நாள்களுக்கு 80 விழுக்காட்டில் நிற்காமல் முழுச் சம்பளமும் தர வேண்டும். மிச்சத்தை நிறுவனமே போட வேண்டும். தொடக்கத்தில் நிறுவனம் செலுத்த வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகையையும் குறைந்தபட்ச ஓய்வூதியப் பங்கையும் கூட அரசு ஏற்றது. ஆகஸ்ட் முதல் அவை நிறுவனத்தின் தலையில் விழுந்தன. செப்டம்பரில் ஊதியத்தில் 10 விழுக்காடும் அக்டோபரில் 20 விழுக்காடும் நிறுவனமே தர வேண்டியதாயிற்று. மூன்றாவதாகச் சட்டம் பற்றிய அச்சம்: மீண்டும் சேர்க்கப்பட்டவரின் பணிக்காலம் பழையதன் தொடர்ச்சியா, புதிதா? இரண்டாண்டு தொடர் பணி இருந்தால் ஆள்குறைப்பு இழப்பீடும் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பும் கிடைக்கும் என்பதால், திட்டம் முடிந்ததும் அவரை மறுபடி நீக்க என்ன செலவாகும் என்று பல மனிதவளப் பிரிவுகள் யோசித்தன. ஒருவரைச் சேர்த்தால், அதே காலத்தில் விலகிய மற்றவர்களுக்கு என்ன விடை சொல்வது என்ற கேள்வியும் உடனிருந்தது.

மறுக்கப்பட்டவருக்கு எஞ்சியது யுனிவர்சல் கிரெடிட். மாதம் 2,000 பவுண்டு சம்பளம் வாங்கியவருக்கு ஃபர்லோ கிடைத்திருந்தால் 1,600 பவுண்டு வந்திருக்கும்; 25 வயது கடந்த தனி ஆளுக்கு யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை, வாரம் 20 பவுண்டு உயர்த்தப்பட்ட பிறகும், மாதம் 409 பவுண்டு 89 பென்சு. வாடகைக்கும் குழந்தைகளுக்கும் உரிய கூடுதல் தொகைகள் உண்டெனினும், முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினாலோ, துணைவரின் வருமானம் ஓரளவுக்கு மேல் இருந்தாலோ அதுவும் இல்லை. வீடு வாங்குவதற்கென்று முன்பணம் சேர்த்து வைத்திருந்த இளம் தம்பதியர் பலர், அந்தச் சேமிப்பின் காரணமாகவே உதவிக்குத் தகுதியற்றவர்களானார்கள். தாமாக விலகியதற்கான தண்டனை விதிகள் மார்ச் இறுதியிலிருந்து மூன்று மாதம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது சிறு ஆறுதல்.

இவர்களில் ஒரு பகுதியினருக்கு யுனிவர்சல் கிரெடிட்டும் மூடிய கதவு. பணி விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்தவர்களுக்குப் பொது நிதி உதவிகளைப் பெறும் உரிமை பொதுவாக இல்லை. ஃபர்லோ மானியம் பொது நிதி உதவியாகக் கருதப்படாது, எந்த வகை விசாவில் உள்ளவரையும் ஃபர்லோவில் வைக்கலாம் என்று வருவாய்த் துறையின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொன்னது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று அங்கே மென்பொருள் நிறுவனங்களிலும் கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்த்தவர்களில் தகுதியுள்ளோருக்கு அதுவே பிடிமானமாக இருந்தது. அவர்களில் ஒருவர் வேலை மாறும் நேரத்தில் சிக்கிக்கொண்டால் விழுவதற்குத் தரையே இல்லை. நிறுவனத்தின் ஆதரவுச் சான்றை நம்பி நிற்கும் பணி விசாக்காரருக்கு, வேலை போனால் வருவாய் மட்டும் போவதில்லை, நாட்டில் தங்கும் காலமும் வழக்கமாக 60 நாளாகச் சுருக்கப்படும். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்து வாடகை கட்டிய மாணவர், பழைய கடையை விட்டுப் புதிய கடையில் சேர்ந்த பத்தாம் நாள் ஊரடங்கு வந்தால், அவர் எந்த அலுவலகத்தின் வரிசையிலும் போய் நிற்க இயலாது.

வேறு நாடுகள் இதே கேள்விக்குத் தந்த விடைகளை ஒப்பிட்டால், பிரிட்டிஷ் ஏற்பாட்டின் தனித்தன்மை துலங்கும். ஜெர்மனியின் குறுகிய நேர வேலை உதவித்தொகை, 1910இல் பொட்டாஷ் தொழிலாளர்களுக்கென்று தொடங்கிப் படிப்படியாக வளர்ந்த பழைய ஏற்பாடு. அந்நாட்டுச் சமூகச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் நூல், 98ஆம் பிரிவு, வேலை உறவு முறிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைக்கிறது. ராஜினாமா செய்தவருக்கு அங்கே இத்தொகை இல்லை. அந்த வகையில் பிரிட்டனை விட அது கண்டிப்பானது. ஆனால் அங்கே நிறுவனம் விண்ணப்பித்தாலும் தொகைக்கு உரிமையுடையவர் தொழிலாளி என்றே சட்டம் பேசுகிறது. வேலை குறைந்த பிறகு தவிர்க்கவியலாத காரணத்தால் புதிதாகச் சேர்ந்தவருக்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. முந்தைய மாதச் சம்பள அறிக்கையில் பெயர் இருந்ததா என்ற கேள்வி அங்கே எழவில்லை.

அமெரிக்கா இன்னும் வேறு வழியில் சென்றது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் தாமாக விலகியவருக்கு வேலையின்மைக் காப்பீடு கிடையாது. 2020 மார்ச் 27 அன்று சட்டமான கேர்ஸ் சட்டம், பெருந்தொற்று வேலையின்மை உதவி என்ற தனித் திட்டத்தை உருவாக்கி, அதன் 2102ஆம் பிரிவில் யாருக்கெல்லாம் உதவி உண்டு என்று வரிசைப்படுத்தியது. கோவிட்டின் நேரடி விளைவாக வேலையை விட நேர்ந்தவர் அந்த வரிசையில் இருந்தார். வேலையில் சேரவிருந்து, கோவிட்டின் நேரடி விளைவாக அந்த வேலை இல்லாமற்போனவரும் இருந்தார். பிரிட்டனில் ஏழு மாதம் எழுதியும் முறையிட்டும் கிடைக்காத ஏற்பாடு அங்கே சட்டத்தின் ஒரு வரியில் முதல் நாளிலேயே இருந்தது. அதற்கு அந்நாடு விலையும் கொடுத்தது: விண்ணப்பதாரரின் சுய உறுதிமொழியையே சான்றாக ஏற்றதால் மோசடி பெருகிற்று, டிசம்பர் இறுதியில் சட்டத்தைத் திருத்தி, வேலையில் இருந்ததற்கோ சேரவிருந்ததற்கோ ஆவணம் கேட்க வேண்டியதாயிற்று.

பிரிட்டிஷ் கருவூலம் தன் தேதிகளைக் காக்க முன்வைத்த வாதமும் மோசடிதான். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2020 செப்டம்பரில், வருவாய்த் துறையின் தலைமை நிர்வாகி ஜிம் ஹாரா நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் முன், வழங்கிய தொகையில் 5 முதல் 10 விழுக்காடு வரை மோசடியாலும் பிழையாலும் போயிருக்கலாம் என்ற அனுமானத்தில் துறை செயல்படுவதாகச் சொன்னார். இத்தனை காவலுக்கு நடுவிலும் அந்த நிலை. ஆனால் வேலை மாறியவர்களைப் பொறுத்தவரை இந்த வாதம் பலவீனமானது. புனைபெயர் ஆட்களைப் பற்றிய அச்சம், வரித்துறை அறியாத ஆட்களைப் பற்றியது. வேலை மாறியவரோ பல ஆண்டுகளாக அத்துறையின் பதிவேட்டில் இருப்பவர். அவருடைய தேசியக் காப்பீட்டு எண், கடைசி மாதம் வரை பிடிக்கப்பட்ட வரி, பழைய நிறுவனத்தை விட்ட தேதி எல்லாம் அங்கே உண்டு. வேலையை விடும் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் தரும் பி45 படிவத்தில் அந்த விவரங்கள் அச்சாகியிருக்கும். இல்லாதிருந்தது புதிய நிறுவனத்தின் ஒரே ஒரு வரி மட்டுமே. செலவு என்ற வாதமும் நிற்காது: அவர் பழைய வேலையிலேயே இருந்திருந்தால் அதே 80 விழுக்காட்டை அரசு அவருக்காகக் கொடுத்தே இருக்கும். புதிதாக ஒருவர் முளைக்கவில்லை, இருந்தவர் இடம் மாறினார், அவ்வளவே.

நாடாளுமன்றம் இதை அறியாமலும் இல்லை. மெல் ஸ்டிரைட் தலைமையிலான பொதுச்சபைக் கருவூலக் குழு 2020 ஜூன் 15 அன்று வெளியிட்ட அறிக்கை, உதவித் திட்டங்களின் இடைவெளிகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விழுந்துவிட்டதை எடுத்துக்காட்டி, புதிதாக வேலையில் சேர்ந்தவர்களை அதில் ஒரு தனிப் பிரிவாகவே பேசிற்று. அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம், சம்பளக்காரருக்கும் சுயதொழிலாளருக்குமான இரு திட்டங்களிலும் தகுதி பெறாதவர் 29 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. கருவூலம் அசையவில்லை. ஜூன் 30 அன்று திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. குறைந்தபட்சம் மூன்று வாரம் ஃபர்லோவில் இருக்க வேண்டும் என்ற விதியால், முதன்முறையாக ஒருவரைச் சேர்க்க ஜூன் 10 கடைசி நாளாயிற்று. அதன்பின் பழைய நிறுவனம் மனம் மாறினாலும் பயனில்லை.

இதுவரை பேசியவர்கள் நல்ல வாய்ப்பை நாடி வேலை மாறியவர்கள். பெருந்தொற்று தொடங்கிய பின் அச்சத்தாலோ கடமையாலோ விலகியவர்கள் இன்னொரு வகை. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்ற ஒருவர், அல்லது அத்தகைய தாயுடன் ஒரே வீட்டில் வாழும் ஒருவர், கூட்டம் நிறைந்த கிடங்குக்குப் போக அஞ்சினார். பள்ளி மூடியதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தவித்தார் இன்னொருவர். இவர்களை வேலையில் வைத்துக்கொண்டே ஃபர்லோவில் விட விதி இடம் தந்தது. நிறுவனம் மறுத்தால் வேலைக்கு வருவது அல்லது விலகுவது என்ற இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது. உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு நீங்கியவரைத் தண்டிக்கலாகாது என்று 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதைக் கொண்டு தீர்ப்பாயத்தில் வெல்ல மாதங்கள் ஆகும், வாடகை மாதாமாதம் வரும். முதியோர் பராமரிப்புப் பணியாளர் ஒருவரை ஃபர்லோவில் வைப்பது பற்றி எண்ணியே பாராமல் ஆள்குறைப்பில் நீக்கியது நியாயமற்ற பணிநீக்கம் என்று 2021இல் ஒரு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. நிறுவனத்தின் விருப்பத்துக்குச் சட்டம் இட்ட ஒரு சிறு எல்லை அது. நீக்கப்பட்டவருக்கு அது உதவிற்று. கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறியவருக்கு அந்த வாசலும் இல்லை, ஏனெனில் பணிநீக்கம் நிகழ்ந்தது என்பதை அவர் முதலில் நிறுவ வேண்டும்.

ஃபர்லோவில் இருக்கும்போதே ராஜினாமா செய்தவரின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 நவம்பர் 30 வரை, முன்னறிவிப்புக் காலத்துக்கும், அதாவது ராஜினாமாவுக்கும் கடைசி நாளுக்கும் இடையிலான நோட்டீஸ் நாள்களுக்கும், நிறுவனம் மானியம் கோரலாம். டிசம்பர் 1 முதல் அது நிறுத்தப்பட்டது; நீக்கம், ஓய்வு, ராஜினாமா எதுவாயினும் நோட்டீஸ் நாள்களுக்கு அரசுப் பணம் இல்லை. மக்களின் வேலையைக் காக்கத் தரும் பணம் வேலை முடிவதற்குச் செலவாகலாகாது என்ற இந்தத் தருக்கம் பிழையற்றது.

நவம்பரில் திட்டம் மீண்டும் நீட்டிக்கப்பட்டபோது, வெட்டுத் தேதி அக்டோபர் 30 ஆயிற்று. செப்டம்பர் 23 அன்று சம்பளப் பட்டியலில் இருந்து, அதன்பின் நீக்கப்பட்டவரையோ விலகியவரையோ மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பழைய அனுமதியும் திரும்ப வந்தது. வசந்தகாலத்தில் ஏற்பட்ட அத்தனை மறுப்புகளையும் கண்ட பிறகும், அந்த அனுமதியை உரிமையாக மாற்ற எந்த முயற்சியும் செய்யப்படவில்லை என்பதே இதில் மிகவும் வருந்தத்தக்கது. முதல் முறை அவசரம் காரணம் என்று ஏற்கலாம். இரண்டாம் முறை ஏழு மாத அனுபவம் கையில் இருந்தது.

மாற்று வழி கற்பனையானதும் அன்று, அது அதே துறையில் அதே மாதங்களில் இயங்கிக்கொண்டிருந்தது. சுயதொழில் வருமான ஆதரவுத் திட்டத்தில், தொழிலாளி எந்த இடையாளும் இன்றித் தாமே இணையத்தில் விண்ணப்பித்தார். முந்தைய ஆண்டுகளின் வரி அறிக்கையைத் துறையே எடுத்துப் பார்த்துத் தகுதியைச் சொன்னது. மூன்று மாத லாபத்தின் 80 விழுக்காடு, 7,500 பவுண்டுக்கு மிகாமல், நேராக அவருடைய வங்கிக் கணக்குக்குச் சென்றது. 2020 மே 13 முதல் இது நடந்தது. வேலை மாறியவருக்கும் இதே பாதையைத் திறந்திருக்கலாம்: பி45 படிவம், மார்ச் 19க்கு முன் கையெழுத்தான புதிய ஒப்பந்தம், பழைய சம்பளத்தின் வரிப் பதிவு ஆகிய மூன்றும் பொருந்தினால், பழைய சம்பளத்தின் அடிப்படையில் அவருக்கே நேரடியாகத் தொகை. பழைய நிறுவனத்துக்கு விடுப்புச் சுமை இல்லை, தொடர்பணி அச்சம் இல்லை. புதிய நிறுவனத்துக்குச் செலவும் இல்லை. பொய்யான ஒப்பந்தங்கள் சில நுழைந்திருக்கும்தான்; ஆனால் பிப்ரவரி வரை வரி கட்டிவந்து மார்ச்சில் திடீரென்று பதிவிலிருந்து மறைந்தவர் என்ற நிபந்தனையைப் பொய்யாக உருவாக்க எவராலும் முடியாது.

வெளியே நின்ற சுயதொழிலாளருக்கு ஓரளவு விடிவும் பிறந்தது. 2019-20 நிதியாண்டில் தொழில் தொடங்கியதால் முதலில் விலக்கப்பட்டிருந்தோர், 2021 மார்ச் 2ஆம் நாள் நள்ளிரவுக்குள் வரி அறிக்கை அளித்திருந்தால், நான்காம் மானியம் முதல் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் தகுதி பெறக்கூடும் என்று மறுநாள் நிதிநிலை அறிக்கையில் அரசு சொன்னது. தகவல் வந்து சேர்ந்தது, விதி திருத்தப்பட்டது. வேலை மாறியவர்களைப் பற்றிய தகவல் அதற்கு ஏறத்தாழப் பதினொரு மாதம் முன்பே, 2020 ஏப்ரல் முதல் வாரத்துக்குள், மார்ச் மாதச் சம்பள அறிக்கைகளாக அதே துறைக்கு வந்து சேர்ந்திருந்தது. 2020 மார்ச் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களுக்கு அவர்களுக்கு முன்தேதியிட்ட தொகை எதுவும் பின்னர் வழங்கப்படவில்லை.